கழற்றிய சாமான் யாருக்குச் சொந்தம்

பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி "இது தேறுமா?" என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருமுல்லைவாயிலில், ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் வெகுகாலம் மெக்கானிக் கடை வைத்திருந்தவன் நான். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்த முடியாதவன் கடை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மூடிவிட்டேன். உபதேசம் பண்ண முழங்கால் தேவையில்லை என்பதால் இந்தத் தொழிலில் இருக்கிற உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

தேறுமா தேறாதா என்று பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பேர். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. ஆனால் அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது, அதனால் சொல்லாமல் முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களும் ஆவடிக்காரர்களும் பழைய வண்டி வாங்குவதற்கு முன்னால் என் கடைக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். "அந்தாளு வாயால தேறும்னு சொல்லிட்டா கண்ண மூடிகினு வாங்கு" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அது என் காதில் விழும். விழும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். வண்டி வந்ததும் கழுவாதீர்கள். அழுக்கு ஒரு சாட்சி. எங்கே எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறது, எங்கே வெல்டிங் வைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான், எல்லாம் அழுக்கில் தெரியும். தேய்மானத்தைப் படித்தால் ஓட்டியவனைப் படிக்கலாம். பிரேக் மிதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பயந்தவன். கியர் மிதியில் ரப்பரே இல்லையென்றால் அவசரக்காரன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான். அதையும் ஒருமுறை அரைகுறையாகப் படித்தேன்.

என் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும், தேய்ந்த செயினோ கிழிந்த சீட் கவரோ எதுவானாலும், ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வண்டியோடு சேர்த்து ஓனரிடம் கொடுத்துவிடுவேன். புதுசு போட்டேன் என்று வாயால் சொல்வது ஒன்று, பழசைக் கையில் கொடுப்பது ஒன்று. ஓனர்கள் பெரும்பாலும் அதை வாசலில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அது அவர்கள் பாடு. சாக்கு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கன்னியப்பன் என்று ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அப்பா தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இவர் வார்ப்புப் பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து அங்கேயே காலத்தை ஓட்டியவர். ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார். வேட்டியில் கரி. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க ஊட்ல ஒரு வண்டி கீதுப்பா. மூணு வருசமா தார்ப்பாய் போட்டு மூடி வச்சிகீறோம். எம்புள்ளைது. அவன் இல்ல இப்ப. நீ ஒருதபா வந்து பாக்கணும்."

பிள்ளையின் பெயர் சேகர். எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவன் அவன்தான், அதுவும் செகண்ட் ஹேண்டில். வாங்கி இரண்டு வருடம் ஓட்டினான். மஞ்சள் காமாலை வந்து பதினெட்டு நாளில் போய்விட்டான். அவன் வண்டியை எஸ்டேட்டுக்குள்ளேயே யாரிடமோ காட்டிக்கொள்வானாம். என் கடைக்கு வந்ததில்லை. அவன் முகம் எனக்குத் தெரியாது.

இப்போது வண்டி எதற்கு என்று கேட்டேன். மகள் மல்லிகாவுக்குக் குத்தம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பையன் பூந்தமல்லியில் ஒரு கம்பெனியில் வேலை. பையனின் தாய்மாமன், மாப்பிள்ளைக்கு வண்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். புது வண்டி வாங்கிக் கொடுக்கக் கன்னியப்பனால் ஆகாது. இருக்கிற வண்டியைப் புதுசு மாதிரி செய்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தேறுமென்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"அவங்களே உன் பேரதான் சொன்னாங்க" என்றார் கன்னியப்பன். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் வீட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். மூன்று வருடம் நின்ற வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டயரில் காற்று இல்லை, முன்சக்கரக் கம்பிகளில் துரு, சீட்டு ரெக்சின் வெடித்துத் தேங்காய் நார் வெளியே தெரிகிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. டேங்க் மேல் தூசியே இல்லை. ஹேண்டில்பார் பளபளவென்று இருந்தது. வலது கை கிரிப்பைப் பார்த்தேன். நான்கு விரல் படுகிற பக்கம் ரப்பர் மழுங்கி வழுவழுவென்று இருந்தது. கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் அச்சுக்கோடு புதுசு மாதிரி அப்படியே இருந்தது. விசித்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. என் புத்தி பிரேமிலும் இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்கிலும் இருந்தது.

வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், எல்லோருக்கும் முன்னால் வைத்துச் சொல்லலாம் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு. வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கன்னியப்பன் சம்சாரம், தேசம்மா என்று சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. வண்டி நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறாதுன்னு சொல்லிடு நைனா" என்றார்.

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"தெனம் காத்தால எழுந்து அத்த தொடைக்கறேன். மூணு வருசமா தொடைக்கறேன். அவன் கை வச்ச எடத்துல கை வச்சிகினு கொஞ்ச நேரம் நின்னா அன்னிக்குப் பொழுது ஓடிடும். அதுவும் பூட்டா நான் இன்னா பண்றது?"

"பொண்ணு கல்யாணம் நின்னுபூடும்னு சொல்றாரேம்மா உங்க ஊட்டுக்காரரு."

"நிக்காது. அந்தப் புள்ளைக்கு மல்லிகாவ புடிச்சிகீது. வண்டி இல்லன்னாலும் கட்டிக்குவான். மாமங்காரன்தான் வண்டி வண்டின்னு குதிக்கிறான். தேறாதுன்னு நீ சொல்லிட்டா அவன் வாய மூடிகினு பூடுவான். எங்க ஊட்டுக்காரராண்ட நான் வந்தத சொல்லாத நைனா. ரெண்டு புள்ளைல உசுரோட கீற புள்ளைய பாப்பியா, செத்துப்போன புள்ளைய பாப்பியான்னு கேப்பாரு. எனக்கு பதில் தெர்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலாம்மா" என்றேன்.

நம் தொழிலில் இந்த வார்த்தை ஒரு வியாதி. சாயங்காலம் வண்டி கிடைக்குமா என்று கேட்டால் பாக்கலாம். சத்தம் நின்றுவிடுமா என்றால் பாக்கலாம். ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. எதிரில் நிற்பவர் அப்போதைக்கு நகர்ந்தால் போதும் என்று சொல்கிற வார்த்தை. ஆனால் கேட்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை அதில் கேட்டுக்கொள்வார்கள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். கன்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தாய்மாமன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எதிரே டீக்கடை ஓரமாகத் தேசம்மா நின்றார். வேறு யாரோ மாதிரி, எங்களோடு சம்பந்தமில்லாதவர் மாதிரி நின்றார்.

"மெக்கானிக்கு, உள்ளத சொல்லு" என்றார் தாய்மாமன். "ரெண்டு மாசத்துல படுத்துக்கற வண்டின்னா எங்களுக்கு வோணாம். அப்புறம் நாங்க ஏமாந்துட்டோம்னு ஊர்ல பேசுவாங்க."

பிளக்கைத் துடைத்துப் போட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை உதைத்தேன். ஆறு உதைக்கு அசையவில்லை. கன்னியப்பன் வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தார். ஏழாவது உதையில் இருமிக்கொண்டு பிடித்தது. கரும்புகை கக்கி, அப்புறம் நிதானமாக ஓட ஆரம்பித்தது. டீக்கடைப் பக்கம் பார்த்தேன். அந்தச் சத்தத்தை மூன்று வருடம் கழித்துக் கேட்கிறார் அந்த அம்மா. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். உள்ளே கிராங்கு எப்படி இருக்கிறது என்று நம்மாட்கள் கேட்பது அப்படித்தானே. சுத்தமாக இருந்தது. சேகர் நல்ல பிள்ளை, எண்ணெய் மாற்றத் தவறியதில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் காதுக்குள் மட்டும்தான் கேட்கிறது. மற்றவர்களுக்குத் தெரிவது என் முகம். நான் தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டி, "கிராங்கு போச்சு" என்று சொல்லியிருந்தால் அங்கே மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவும்தான்.

"தேறும்" என்றேன். "நல்லாவே தேறும். பத்து வருசம் ஓடும்."

மல்லிகாவின் வாழ்க்கையை நினைத்துச் சொன்னேன் என்று இத்தனை நாள் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பெண்ணை நினைத்துச் சொல்லவில்லை. நல்ல இன்ஜினைக் கெட்டது என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். என் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது. உண்மை பேசினேன் என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

கன்னியப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். டீக்கடைப் பக்கம் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் நான் செய்திருக்க வேண்டியது வேறு. இதற்குத்தான் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். பொய்யும் மெய்யும் தவிர மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. "இன்னும் ஒருதரம் திறந்து பார்க்கணும், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கன்னியப்பனைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். புருஷனும் பெண்டாட்டியும் அழுது தீர்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அந்த முடிவு எதுவானாலும் அது அவர்களுடையதாக இருந்திருக்கும். நான்கு பேர் பார்க்கும்போது வாய் திறப்பவன் வண்டிக்காகப் பேசுவதில்லை, பார்க்கிறவர்களுக்காகப் பேசுகிறான்.

வேலையை ஆரம்பித்தேன். அதை விவரிக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். கறுப்பு வண்டியை மெரூனாக்கச் சொன்னார் தாய்மாமன், ஆக்கினேன். புது சீட்டு, புது கம்பி, புது கிரிப். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வண்டி கடை வாசலில் நின்றபோது போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியப்பன் எடுத்துப் போக வந்தார். வழக்கப்படி சாக்கை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அந்தக் கருமத்த ஊட்டாண்ட எடுத்தாராத நைனா. அவ பாத்தா கட்டிப்புடிச்சிகினு ஒக்காந்துக்குவா. நல்ல காரியம் நடக்கற நேரம். நீயே எங்கயாச்சும் போட்டுடு."

ஓனர் சொன்னார், நான் கேட்டேன். கிழிந்த ரெக்சின், துருப்பிடித்த கம்பிகள், அந்த இரண்டு கிரிப், எல்லாம் அதே சாக்கோடு அம்பத்தூரில் பழைய இரும்பு வாங்குகிற காயலாங்கடைக்குப் போயின. ஓனர் யார் என்று நான் யோசிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கிறவர் மட்டும்தான் ஓனர் என்று நினைத்தேன். புத்தகத்தில் இருந்த பெயர்கூடக் கன்னியப்பனுடையது இல்லை, செத்துப்போன பிள்ளையுடையது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். பந்தியில் தேசம்மாதான் எனக்கு வடை வைத்தார். ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் அவர் கடைக்கு வந்தார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"வண்டி நல்லா ஓடுதாம். மல்லிகா சொல்லிச்சு" என்றார்.

"ஓடும்மா."

"உம்மேல ஒண்ணும் கோவம் இல்ல நைனா. பொண்ணு நல்லா கீது, அது போதும். நான் கேட்டது தப்புதான்." தலையில் இருந்த பையை எடுத்து உதறினார். "பழைய சாமான்லாம் நீ வண்டிக்காராண்டயே குடுத்துடுவியாமே. கைப்புடி ரப்பரு மட்டும் இருந்தா குடு, வண்டி வாங்குனப்ப அவன் புதுசா மாட்டுனது. சோத்தாங்கைப் பக்கத்து ஒண்ணு இருந்தா போதும். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாம பானைக்குள்ள போட்டு வச்சிக்குவேன்."

காயலாங்கடைக்குப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெள்ளிக்கிழமை வாங்கம்மா, தேடி எடுத்து வைக்கிறேன் என்றேன்.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கு ஓடினேன். காயலாங்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். ரப்பர் என்றதும் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, இரும்புன்னா எங்கனா கீதா பாக்கலாம். ரப்பரு லாரில ஏறி எந்த ஊருக்குப் போச்சோ" என்றார். நான் விடவில்லை. மழையில் நனைந்துகொண்டு அவர் கொல்லையில் கிடந்த குவியல் முழுவதையும் கிளறினேன். கிடைக்கவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். என் கடையில் ஒரு பழைய டப்பாவில், சாக்குச் சட்டம் வருவதற்கு முன்னால் கழற்றிப் போட்ட கிரிப்புகள் சில கிடந்தன. எந்த வண்டியினுடையதோ, எடுத்துப்போக மறந்த யாருடையதோ. அதில் அதே மாடலாக, நன்றாகத் தேய்ந்த வலது கை கிரிப் ஒன்றைத் தேடி எடுத்தேன். விரல் படுகிற பக்கம் சரியாக வழுவழுப்பாக இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்தேன். ஒரு வாயசைப்பில் அந்த அம்மாவுக்கு வண்டியையே மிச்சம் வைத்திருக்க முடிகிற நேரத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவன், பிரயோசனமில்லாத நேரத்தில் பொய் சொல்லத் துணிந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கிரிப்பை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்தார். வண்டியில் இருப்பது மாதிரியே நான்கு விரலைச் சுற்றி, கட்டைவிரலை மேலே வைத்தார். வைத்ததும் கட்டைவிரல் நின்றுவிட்டது. அந்த இடத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். அங்கேயும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் பழைய கிரிப்பில் தேயாமல் இருந்த அந்த அச்சுக்கோடு நினைவுக்கு வந்தது.

"அவனுக்குக் கட்டைவெரல்ல முன்கணு கெடையாது நைனா" என்றார் தேசம்மா. கோபமில்லாமல், ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார். "வேலைக்குச் சேந்த புதுசுல லேத்துல பூட்டுது. அந்த எடத்துல ரப்பரு தேயாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன். திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. இன்னொரு தரம் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யாரோ பெத்த புள்ளை புடிச்சதுதானே" என்றார். "வச்சிக்கறேன்."